இருட்டைக் கேட்டவள்

தாழம்பொழி
24 மார்ச் 2025

அண்ணா,

உன் போன் அடித்து அடித்து ஓய்ந்துபோகிறது. நேற்று மதினி எடுத்தார்கள். "அவங்க யாருகிட்டயும் பேச மாட்டேங்காங்க விஜி. உன் பேரச் சொன்னா எந்திரிச்சு மாடிக்குப் போயிருதாங்க" என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

நாங்குநேரிக்காரர் ஆஸ்பத்திரியில் இறந்துபோன செய்தியைப் பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பெயர் பிச்சைக்கண்ணு. மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவியோடு கடல் பார்க்க வந்த இடத்தில், இருட்டில் கடற்கரைப் படிக்கட்டிலிருந்து தவறிப் பாறையில் விழுந்தார் என்று போட்டிருந்தது. கடைசி வரியில் நீ இருந்தாய். 'விளக்குகள் அணைக்கப்பட்டிருந்த விவகாரத்தில் திட்டப் பொறியாளர் கணேஷ்ராம் பணியிடை நீக்கம்.'

அந்த விளக்குகளை அணைக்கச் சொன்னவள் நான். அது பேப்பரில் இல்லை.

உனக்குத் தெரிந்ததையே திரும்ப எழுதுகிறேன், பொறுத்துக்கொள். எனக்கே ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கிறது. டிசம்பரில் உன் திட்டத்தில் இந்தக் கடற்கரைக்கு நடைபாதை வந்தது, உடை மாற்றும் அறை வந்தது, கடலோரத் தடுப்புச் சுவரிலிருந்து மணலுக்கு இறங்கப் படிக்கட்டு வந்தது, மூன்று உயரமான விளக்குக் கம்பங்களும் வந்தன. ஊரே பார்க்க வந்தது. பிப்ரவரி கடைசியில் பங்குனி ஆமைக் குஞ்சுகள் பொரிக்கத் தொடங்கின. மணலுக்குள்ளிருந்து வெளியே வரும் குஞ்சுக்குக் கடல் எது என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போகும். இத்தனை வருஷமும் அது கடலாக இருந்தது. இந்த வருஷம் ரோடு. நாங்கள் எடுத்துவந்து பொரிப்பகத்தில் புதைத்த முட்டைகளை வேலி போட்டுக் காப்பாற்றினோம். வெளியே எங்கள் கண்ணில் படாத குழிகளை யார் பார்ப்பது? தினம் காலையில் நானும் கடற்கரை வாட்ச்மேன் நேசையா அண்ணாச்சியும் முறமும் விளக்குமாறுமாகப் போய், கார்ச் சக்கரத்தில் நசுங்கி ரோட்டில் ஒட்டிக் கிடந்ததையெல்லாம் கூட்டி அள்ளினோம்.

முறத்தைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன். "ஒரு வாரம் பொறு விஜி. படிக்கட்டுல தாழ்வா சின்ன விளக்கு போட்டுட்டு பெருச அணைச்சிருதேன்" என்றாய். "ஒரு வாரத்துல இங்க எதுவும் மிஞ்சாது. நீ எனக்கு அண்ணனா, ஆபீசரா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டேன். அன்று சாயங்காலமே விளக்குகள் எரியவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அது அவர் விழுந்த ஞாயிற்றுக்கிழமை.

விபத்துக்கு மறுநாளே விளக்கைப் போட்டுவிட்டார்கள். இன்றைக்கும் முறத்தோடு போய்விட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். என்ன கேட்க வேண்டும் என்று தெரியவில்லை. நீ சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்கிறேன்.

விஜி

பாளையங்கோட்டை
31 மார்ச்

விஜயஸ்ரீக்கு,

சாப்பிடுகிறேன்.

போனில் பேசாததற்குக் காரணம் இருக்கிறது. விசாரணை முடியும்வரை உன்னோடு பேச வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். யார் யாரோடு எப்போது பேசினேன் என்று எடுத்துப் பார்ப்பார்களாம். தபாலில் எழுது. என் விளக்கத்தில் 'ஆமைக் குஞ்சுகளின் பாதுகாப்பு கருதி நானே எடுத்த முடிவு' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பொரிப்பகம் நடத்துவது என் தங்கை என்பது இன்னும் யார் காதிலும் விழவில்லை. விழுந்தால், தங்கச்சி கேட்டாள் என்று அரசாங்க விளக்கை அணைத்தான் என்பார்கள். அது உண்மைதானே? அதனால்தான் பயமாக இருக்கிறது.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிறது. உனக்கு அந்த விளக்கு எதிரி. எனக்கு அது ஒன்றரை வருஷம் மேஜை மேஜையாக அலைந்து வாங்கிய விளக்கு. பொழுது சாய்ந்தால் பெண்கள் அந்தப் பக்கம் போக முடியாமல் இருந்தது. ஒரு பிள்ளையின் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினான் ஒருவன். ஊர்க்காரர்கள் என் ஜீப்பை மறித்து, "ரோடு போட்டிய, பெஞ்சு போட்டிய, லைட்டு எங்க?" என்று கேட்டார்கள். விளக்கு எரிந்த முதல் நாள் சுண்டல் விற்கிறவர் எனக்குப் பொட்டலம் மடித்துக் கொடுத்தார். நான் வாங்கிய ஒரே லஞ்சம் அது. அதையெல்லாம் நீ ஒருநாளும் கேட்டதில்லை.

கேட்டாலும் என்ன. அணைத்தது என் கை.

ஆனால் நான் ஒன்றும் ஏற்பாடில்லாமல் அணைக்கவில்லை. அன்று மத்தியானமே நேசையாவுக்குப் போன் போட்டு, கடைசி ஆள் மேலே ஏறும்வரை படிக்கட்டின் தலைப்பில் டார்ச்சோடு நிற்க வேண்டும், ஓர் அடி நகரக் கூடாது என்று சொன்னேன். "சரி சார், நிக்கேன்" என்றான். அந்த மனிதர் விழுந்த நேரத்தில் அவன் அங்கே இல்லை. அந்த அம்மாள் கத்தி, சுண்டல்காரர் ஓடி வந்த பிறகுதான் எங்கிருந்தோ வந்திருக்கிறான். இதையும் விளக்கத்தில் எழுதியிருக்கிறேன். பொய் இல்லை. அவன் தினக்கூலி. அவனுக்கு சஸ்பெண்ட், விசாரணை எல்லாம் கிடையாது. நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிட்டார்கள்.

கேட்டதற்கு, 'ஒதுங்கப் போனேன்' என்றானாம். குடிக்கப் போயிருப்பான் என்கிறார்கள். நீ அங்கேயே இருப்பவள். விசாரித்துச் சொல்.

கணேஷ்ராம்

தாழம்பொழி
7 ஏப்ரல்

அண்ணா,

நேசையா அண்ணாச்சியை நான் இன்னும் பார்க்கவில்லை. ஊரில்தான் இருக்கிறார். மீன் ஏலக் கூடத்துக்குப் பக்கத்தில் ஐஸ் உடைக்கிற வேலைக்குப் போகிறாராம். பார்த்தால் கேட்கிறேன். அவர் குடிக்கிறவர் இல்லை. அதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

அவர் மகள் ஸ்டெபி எங்கள் பொரிப்பகத்தில் வேலை செய்கிறாள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனா? வருகிறாள், மணல் சலிக்கிறாள், குழிக்குக் கூடை மூடுகிறாள். கேட்டதற்கு மட்டும் பதில். முன்பெல்லாம் வாய் ஓயாது.

போன ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். கங்கைகொண்டானில் ஏதோ கம்பெனியில் வேலை செய்கிற பையன் தன் அம்மாவைக் கூட்டிவந்திருந்தான். அந்த அம்மாளுக்கு இரண்டு முழங்காலும் மடங்காது. விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறக்கினான். என்னைப் பார்த்து, "பகல்ல வெயிலு ஆவாது அக்கா. லைட்டு இருக்குன்னுதான் கூட்டிட்டு வந்தேன்" என்றான். அந்த அம்மாள் அலை வந்து காலைத் தொட்டதும் 'யம்மா' என்று சேலையைச் சுருட்டிக்கொண்டு சிரித்தார்கள். நானும் நின்று பார்த்தேன். உன் விளக்கில் நான் பார்த்த முதல் நல்ல காரியம் அது. அல்லது, நான் பார்க்க ஒப்புக்கொண்ட முதல் நல்ல காரியம்.

மறுநாள் காலை முறத்தை எடுத்தபோது யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

நீ கேட்டதற்கு இது பதில் இல்லை. தெரியும்.

விஜி

பாளையங்கோட்டை
19 ஏப்ரல்

விஜி,

நேற்று நாங்குநேரிக்குப் போயிருந்தேன். வக்கீலுக்குத் தெரியாது. உன் மதினிக்கும் நான் வானமாமலைப் பெருமாளைக் கும்பிடப் போவதாகத்தான் சொன்னேன். கோயிலுக்குப் போகவில்லை என்றும் சொல்ல முடியாது. வாசல்வரை போய், அவர் வீடு எந்தத் தெரு என்று பூக்கடையில் கேட்டேன்.

தோட்டத்திலிருந்து இறங்கியபின் எடுத்த வாடகை வீடு. ஓர் அறை. அந்த அம்மாள் பெயர் சுடலைவடிவு. மகள் முத்துராணி வேலைக்குப் போயிருந்தாள். ஆபீசிலிருந்து வருகிறேன் என்றேன். பேப்பரில் வந்தது அவர்கள் காதுக்கு எட்டவில்லை போல. எந்த ஆபீஸ், என்ன பெயர் என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். அவர் போட்டோவுக்குக் கீழேதான் உட்கார வேண்டியிருந்தது.

நான் ஒன்றும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்கள். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவருக்கு வர இஷ்டமே இல்ல சார். 'கடல்ல என்னட்டி இருக்கு, தண்ணிதான'ன்னாரு. நாந்தான் அடம் பிடிச்சேன். மலையில கெடந்தே வயசு போயிட்டு, ஒரு தடவ கால நனைக்கணும்னேன். நனைச்சோம். நல்லாத்தான் இருந்திச்சு. மேல ஏறி வந்து பஸ்ஸுக்கு நடக்கோம், எங்கால்ல செருப்பு இல்ல. மணல்லயே விட்டுட்டேன். புதுசு சார். 'போய் எடுத்துட்டு வாங்களேன்'னேன். அவரு பைய இறங்குனாரு. நாந்தான் மேல நின்னுக்கிட்டு, 'வெரசா வாங்க, பஸ்ஸு போயிரும்'னு சத்தம் போட்டேன்."

அதோடு நிறுத்தினார்கள். பிறகு, "நான் அனுப்பலன்னா அவரு இருந்திருப்பாருல்லா?" என்று என்னைக் கேட்டார்கள்.

அவர்களே அடுத்ததையும் கேட்டார்கள்.

"அங்கன ஏன் சார் அன்னைக்கு லைட்டு எரியல?"

"ரிப்பேரும்மா" என்றேன்.

யோசிக்காமல் வந்துவிட்டது. இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் பழகிப்போன வார்த்தை. அந்த அம்மாள் தலையை ஆட்டினார்கள். "ரிப்பேருக்கு யாரு என்ன செய்ய முடியும்? நாந்தான் அனுப்பிட்டேன்" என்றார்கள். எனக்குக் காப்பி போட எழுந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. குடித்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் வரும்போது இறங்கித் திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். போகவில்லை. நீ நேசையாவைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே.

அண்ணன்

தாழம்பொழி
26 ஏப்ரல்

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்தபிறகு ஒளிப்பதற்கு எனக்குத் தெம்பில்லை. நேசையா அண்ணாச்சி எங்கே போயிருந்தார் என்று எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அவரைக் கூட்டிக்கொண்டு போனவள் நான்.

அன்று சாயங்காலம் விளக்கு எரியாத கடற்கரையில் தெற்குப் பக்கமாக நடந்துபோனேன். படிக்கட்டுக்கு அப்பால், அடம்பங்கொடிக்குப் பக்கத்தில் மணல் அசைந்தது. எங்கள் கண்ணில் படாத குழி. ஒரு தலை, இன்னொரு தலை, பிறகு கொத்தாக வந்தன. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரோட்டுப் பக்கம் ஒன்றுகூடத் திரும்பவில்லை. அத்தனையும் நேரே கடலைப் பார்த்துப் போயின. இந்த வருஷம் முழுக்க முறத்தில் அள்ளியவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. அழுதேன். அண்ணாச்சியும்தானே கூட நின்று அள்ளினார், அவர் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஓடினேன்.

"அண்ணாச்சி, சட்டுனு வாங்க. ஒரு நிமிசம்."

"சார் நகரக் கூடாதுன்னு சொல்லிருக்காவ பாப்பா. கீழ இன்னும் ஆளு நிக்கி" என்றார்.

"எங்க அண்ணன்தான? நான் சொல்லிக்கிடுதேன்" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

டார்ச்சையும் நான்தான் அணைக்கச் சொன்னேன். இரண்டு பேரும் மண்டி போட்டுப் பார்த்தோம். "எப்பா, எப்படிப் போவுது பாருங்க" என்று சிறுபிள்ளை மாதிரிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது படிக்கட்டுப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. பெண் குரல். அலையில் நின்று யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். அவர் எழுந்தார். நான் சட்டையைப் பிடித்து, "இருங்கண்ணாச்சி, இன்னும் நாலஞ்சு கெடக்கு" என்றேன்.

இருந்தார்.

இரண்டாவது சத்தத்துக்குத்தான் ஓடினோம்.

அவசரத்துக்குக் கூப்பிட்டிருந்தால்கூட ஒரு பேச்சு. சந்தோஷத்தைப் பங்கு போடக் கூப்பிட்டேன். அந்த அம்மாள் தன் செருப்பை நினைத்து உருகிக்கொண்டிருக்கிறார்கள் என்று நீ எழுதியதைப் படித்த பிறகு என்னால் இந்த அறையில் உட்கார முடியவில்லை.

நேற்று நேசையா அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். இத்தனை நாள் கழித்து. ஐஸ் உடைத்து உள்ளங்கை வெடித்திருந்தது. என்னை உட்காரச் சொல்லவில்லை.

"சொல்லிருவேன்னு பயந்து வந்தியளா?" என்றார்.

வாசலிலேயே நின்றேன்.

"சொல்ல மாட்டேன். சொன்னா யாரு நம்புவா? நம்பினாலும் உங்க பொரிப்பகத்த மூடிருவான். எம்புள்ள அப்புறம் எங்கன போவா? அதுக்குத்தான் வாய மூடிக்கிட்டுக் கெடக்கேன். உங்களுக்காகன்னு நெனச்சிராதிய." வெடித்த கையைத் தேய்த்துக்கொண்டு, "குடிச்சிட்டு உருண்டு கெடந்தான்னு ஊரு சொல்லுது. ஜெபத்துக்குப் போன எடத்துல எங்க கோயில்ல கூட ஒருத்தன் கேட்டான். அதுக்கப்பறம் நான் போவல" என்றார்.

மே ஆறாம் தேதி விசாரணை அதிகாரி இங்கே வருகிறார். நான் போய்ச் சொல்லப்போகிறேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. தெரிவிக்கிறேன்.

விஜி

பாளையங்கோட்டை
30 ஏப்ரல்

விஜயஸ்ரீ,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. பயம். அதை மறைக்க விரும்பவில்லை.

நீ சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து செய்தது என்று ஆகும். நானே எடுத்த முடிவு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அது பொய் என்று ஆகும். சஸ்பெண்டோடு முடிய வேண்டியது வேலையையே கொண்டுபோகும். மகள் சித்ரலேகாவுக்குப் படிப்பில் இது கடைசி வருஷம். கல்லூரியில் யாராவது கேட்டால் அவள் என்ன சொல்வாள்? உன் பொரிப்பகத்தை மூடுவார்கள். அடுத்த பங்குனிக்கு அங்கே கூடை மூட ஆள் இருக்காது. ஆமைக்காகத்தானே இத்தனையும் செய்தாய்?

நீ உண்மையைச் சொல்லி உன் மனசிலிருந்து இறக்கி வைத்துவிடுவாய். அது யார் தலையில் இறங்கும்? நேசையாவுக்கு நான் வேறு வழியில் ஏதாவது செய்கிறேன். எனக்குத் தெரிந்த காண்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள். ஒரு வேலை வாங்கிக் கொடுக்க முடியாதா என்னால்?

சொல்லாதே. அண்ணனாகக் கேட்கிறேன். அன்றைக்கு நீ கேட்டாயே, அண்ணனா ஆபீசரா என்று. இன்றைக்கு நான் கேட்கிறேன், நீ எனக்குத் தங்கச்சியா இல்லையா?

கணேஷ்ராம்

பாளையங்கோட்டை
1 மே

விஜி,

நேற்று அனுப்பியதைக் கிழித்துப் போட்டுவிடு.

தபாலில் போட்டுவிட்டு வந்து உன் மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், உன்னை. கேட்டுவிட்டு, "அந்த வாட்ச்மேன் வீட்டுலயும் ஒரு பொம்பளப் பிள்ள இருக்குல்லா?" என்றாள். அப்புறம் அடுப்படிக்குப் போய்விட்டாள். கல்யாணமான நாளிலிருந்து ராஜராஜேஸ்வரி என்னோடு இப்படிப் பேசியதே இல்லை.

போய்ச் சொல்.

அண்ணன்

தாழம்பொழி
14 மே

அண்ணா,

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. இரண்டையும் படித்தேன். முதலாவதைக் கிழிக்கவில்லை, அதில் இருந்த பயம் எனக்கும் இருந்ததால்.

விசாரணை அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். நடைபாதைப் பெஞ்சிலேயே உட்கார்ந்து கேட்டார். விளக்கை அணைக்கச் சொன்னது, வாட்ச்மேனை இழுத்துப் போனது, முதல் சத்தத்துக்கு எழுந்தவரைப் பிடித்து உட்கார வைத்தது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். முடித்ததும், "இத நீங்க சொல்லலன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காதேம்மா?" என்றார்.

"நேசையாவுக்குத் தெரியும் சார்" என்றேன்.

எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

பொரிப்பகத்துக்குப் பணம் கொடுத்துவந்த அறக்கட்டளையிலிருந்து மறுநாளே என்னை விலகச் சொல்லிவிட்டார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். பொரிப்பகத்தை இனி வனத்துறை நேரடியாகப் பார்க்குமாம். மூடவில்லை. ஸ்டெபியை வைத்துக்கொண்டார்கள். குழியும் கணக்கும் அவளுக்குத்தான் தெரியும் என்று நான் எழுதிக் கொடுத்தேன். சாவியை அவளிடம் கொடுத்தபோது, "அப்பா இந்த ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வந்தாவ அக்கா" என்றாள். என்னைப் பார்த்து அவள் பேசியது அவ்வளவுதான்.

நேசையா அண்ணாச்சியைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. நான் போய்க் கேட்டேன். "பேரு சரியாயிட்டு. அது போதும். அந்தப் படியில இனிமே எனக்கு நிக்க முடியாது பாப்பா. நீங்க பிடிச்சு உக்கார வச்சியதான். ஆனா உக்காந்தது நாந்தான?" என்றார். இந்த முறை உட்காரச் சொன்னார்.

விஜி

பாளையங்கோட்டை
22 ஜூன்

அன்புள்ள விஜி,

எனக்கும் விசாரணை முடிந்துவிட்டது. முதலில் கொடுத்த விளக்கத்தைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். உன் போன், நீ கேட்டது, நான் செய்தது எல்லாம் அதில் இருக்கிறது. ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார்கள். பயம் என்று எழுதினேன். வேலை போகவில்லை. ஒரு படி இறக்கி, கங்கைகொண்டான் பக்கம் வடிகால் வேலைக்குப் போட்டிருக்கிறார்கள். சித்ரலேகா கேள்விப்பட்டு விடுதியிலிருந்து வந்தாள். "ஏன்ப்பா ரிப்பேர்னு சொன்னீங்க?" என்பதை மட்டும் கேட்டாள். மற்றதையெல்லாம் அவளால் புரிந்துகொள்ள முடிந்தது போல.

புது இடத்துக்குப் போகும்முன் தாழம்பொழி வேலையை முடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். வந்தேன். உன்னைப் பார்க்க வரவில்லை. வர முடியவில்லை. படிக்கட்டுக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தாயிற்று. ஒவ்வொரு படிக்கும் முழங்கால் உயரத்தில், படியை மட்டும் பார்க்கிற மாதிரி மங்கலான மஞ்சள் விளக்கு. கடலிலிருந்து பார்த்தால் தெரியாது. பங்குனி ஆமைப் பருவத்தில் பொழுது சாய்ந்தால் பெரிய விளக்குகள் எரியாது, கீழே இறங்கவும் விட மாட்டார்கள். மேலே பெஞ்சில் உட்கார்ந்து காற்று வாங்கலாம். கடைக்காரர்கள் சண்டை பிடித்தார்கள். சுண்டல்காரர் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உன்னிடம் ஒரு வாரம் கேட்டேன். வேலை முடிய நான்கு நாள்தான் ஆனது.

இன்னொன்றும் நான் சொல்ல வேண்டும். போன வருஷம் வரைபடம் போடும்போதே நீ சொன்னாய், உயரக் கம்பம் வேண்டாம் அண்ணா, ஆமை வருகிற கரை என்று. தாழ்வான விளக்குக்கும் ஒரு வரைபடம் போட்டேன். ஆனால் திறப்பு விழாப் போட்டோவில் தாழ்வான விளக்கு எங்கே தெரியும்? அதை எடுத்து அடியில் வைத்துவிட்டேன். நான் கேட்ட ஒரு வாரத்துக்கும் வேலை முடிந்த நான்கு நாளுக்கும் முன்னால் அந்தத் தப்பு இருக்கிறது. உன்னை மட்டும் குற்றவாளியாக நினைத்துக்கொண்டு இருந்துவிடாதே.

வீட்டுக்கு வா. அறை காலியாகத்தான் இருக்கிறது.

அண்ணன்

தாழம்பொழி
11 ஆகஸ்ட்

அண்ணா,

நாங்குநேரிக்குப் போய்விட்டு வந்தேன். எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது.

சுடலைவடிவு அம்மாளும் முத்துராணியும் இருந்தார்கள். நான் நின்றுகொண்டே சொன்னேன். விளக்கு ரிப்பேர் இல்லை, நான் அணைக்கச் சொன்னேன், நிற்க வேண்டிய ஆளை நான் கூட்டிக்கொண்டு போனேன் என்று. உங்கள் முதல் சத்தம் என் காதில் விழுந்தது என்றும் சொன்னேன். முத்துராணி என்னை அடிக்க வந்தாள். அந்த அம்மாள் கையை நீட்டி அவளைத் தடுத்தார்கள்.

"அப்போ நான் செருப்பெடுக்க அனுப்புனதுனால இல்லையா?" என்று கேட்டார்கள்.

"இல்லம்மா. வெளிச்சம் இருந்திருந்தா எடுத்துட்டு வந்திருப்பாவ."

"இத உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும்."

அந்த அம்மாள் எழுந்து நின்றார்கள். "அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. நான் இத்தன மாசமா எம்புருசன நானே கொன்னுட்டேன்னு சோறு எறங்காமக் கெடக்கேன். ஊருல ஒரு ஆளு மொகத்தப் பாக்கல. அந்த ஆபீசர் வந்து இந்த நாற்காலியில உக்காந்து காப்பி குடிச்சாரே, அவருக்கும் தெரியுமா?"

"அவர் எங்க அண்ணன்."

அவர்கள் அழவில்லை. கத்தவும் இல்லை. "விழுந்தது கூட விதின்னு வச்சிக்கிடுதேன். இத நான் எதுல வைக்க?" என்றார்கள். பிறகு, "போ தாயி. ரெண்டு பேரும் இனிமே இந்த வாசலுக்கு வராதிய" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள்.

அண்ணா, விளக்கை அணைத்ததையும் வாட்ச்மேனை இழுத்துப் போனதையுமே நாம் தப்பு என்று பேசிக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு நாம் வாய் மூடி இருந்த ஒவ்வொரு நாளும் அந்த வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தது என்று நாம் யோசிக்கவேயில்லை. வராதே என்று சொல்லிவிட்டார்கள். அதனால் உன்னைப் போ என்று சொல்லவும் எனக்கு வாய் இல்லை. ஆனால் இது உனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

வீட்டுக்கு இப்போது வரவில்லை. மதினியிடம் சொல். ஊரில் ஒரு டியூஷன் சென்டரில் பாடம் எடுக்கிறேன். வாட்ச்மேன் வேலைக்கு இன்னும் ஆள் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் போய்ப் படிக்கட்டின் தலைப்பில் நிற்கிறேன். யாரும் சொல்லவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. உன் மஞ்சள் விளக்குகள் நன்றாகவே எரிகின்றன. வயசானவர்களுக்குக் கை கொடுப்பேன், பைய இறங்குங்க என்பேன், கடைசி ஆள் ஏறும்வரை நிற்பேன்.

நேற்று ஒருவர், அறுபதுக்கு மேல் இருக்கும், கைப்பிடியைத் தட்டிப் பார்த்துக்கொண்டு கேட்டார். "புதுசா வச்சிருக்காவ போல. இங்கன யாரும் விழுந்துட்டாவளா?"

அவர் மனைவி பக்கத்தில் நின்றார்கள். ஒன்றும் இல்லை, சும்மா வைத்தது என்று சொன்னால் அவர்கள் சந்தோஷமாக இறங்கியிருப்பார்கள்.

"ஆமா. மார்ச் மாசம் ஒருத்தர் விழுந்து எறந்துட்டாவ. நாங்குநேரி. பிச்சைக்கண்ணுன்னு பேரு" என்றேன். "லைட்ட அணைக்கச் சொன்னது நாந்தான்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் கீழே இறங்கவில்லை. மேலேயே நின்று கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

விஜி